ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்ற அப்டேட்

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு நானும் என் தம்பியும் ஒரு ஆன்லைன் விளையாட்டில் சந்திப்போம். ஆறு வருடமாக இந்த வழக்கம். அவன் வேலை பார்ப்பது தூரத்தில். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே அணியில் இறங்கிவிட்டாலோ இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கும்போதுதான் ஆபீஸில் நடந்ததையெல்லாம் சொல்வான். நானும் மனதில் கிடப்பதைச் சொல்வேன். அந்த விளையாட்டு அப்டேட் ஆகாமல் நின்றபோது இரண்டு சனிக்கிழமைகள் போயின. அந்த இரண்டு வாரமும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

புதிய சீசன் வந்தது ஒரு வியாழக்கிழமை. 6.4 ஜிபி அப்டேட். விளையாட்டை இறக்கவும் அப்டேட் செய்யவும் உதவும் லாஞ்சர் மென்பொருளைத் திறந்து ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். திரும்பி வந்தபோது 31 சதவீதத்தில் நின்றிருந்தது. 'அப்டேட் தோல்வி, மீண்டும் முயலவும்' என்று ஒரு வரி, கூடவே ஒரு எரர் எண். மீண்டும் அழுத்தினேன். 62 வரை போய் அதே வரி. ஆன்லைன் விளையாட்டில் பழைய பதிப்போடு உள்ளே போக முடியாது. சர்வரும் நம் கணினியும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஆகவே அப்டேட் நின்றால் விளையாட்டும் நின்றது.

அந்த எரர் எண்ணை இணையத்தில் தேடினால் வரும் யோசனைகள் அத்தனையையும் இரண்டு இரவில் செய்து முடித்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் இணைத்தேன். தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1-க்கும் பிறகு 8.8.8.8-க்கும் மாற்றினேன். லாஞ்சர் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் ஃபோல்டரை அழித்தேன். லாஞ்சரை அட்மினாக ஓட்டினேன். எதிலும் பயனில்லை. மூன்றாவது இரவு பொறுமை போய், விளையாட்டையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு முழுதாக முதலில் இருந்து இறக்க ஆரம்பித்தேன். 70 ஜிபிக்கு மேல். அது 44 சதவீதத்தில் நின்றது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஸ்கிரீன்ஷாட்கள் இருந்த ஃபோல்டர் விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது என்று. ஆறு வருடப் படங்கள். நாங்கள் இருவரும் முதன்முதலாக விளையாட்டில் ஒரு பெரிய பாஸை, அதாவது எதிரித் தலைவனை, வீழ்த்திய இரவு, தம்பியின் பாத்திரமும் என் பாத்திரமும் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு படம், எல்லாம் அன்இன்ஸ்டாலோடு போய்விட்டன. ஆன்லைன் விளையாட்டில் எல்லாமே சர்வரில் இருக்கிறது என்ற எண்ணத்தில் இருந்துவிட்டேன். பாத்திரம், நிலை, சேர்த்த பொருட்கள் எல்லாம் சர்வரில்தான் இருக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட், கீபோர்டு அமைப்பு, மவுஸ் வேகம், சில விளையாட்டுகளில் அரட்டைப் பதிவு ஆகியவை பெரும்பாலும் நம் டிஸ்க்கில் இருக்கும். அன்இன்ஸ்டால் பொத்தானைத் தொடும் முன் அந்த ஃபோல்டரை ஒரு முறை திறந்து பார்த்து, வேண்டியதை வேறு இடத்தில் காப்பி செய்து வையுங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாது.

அன்றிரவு தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, நிக்குதுன்னு சொல்றியே, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலயா நிக்குது?"

"இல்லடா. 31, 62, இப்ப 44."

"அப்ப அத ஒரு பேப்பர்ல எழுதி வை. எந்த ஃபைல்ல நிக்குதுன்னும் பாரு. லாக்ல இருக்கும்."

நான் அதுவரை லாக் பக்கமே போகவில்லை. ஏறக்குறைய எல்லா லாஞ்சரும் தான் செய்வதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். லாக்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் தேதி வாரியாகக் கடைசியில் இருப்பதை நோட்பேடில் திறந்து, அடியில் இருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். திரையில் வரும் எரர் எண் பல காரணங்களுக்குப் பொதுவானது. லாக்கின் கடைசி இருபது வரியில்தான் உண்மைக் காரணம் இருக்கும். என் லாக்கில் 'ஹாஷ் மிஸ்மேட்ச்' என்று இருந்தது. மேலே மூன்று முறை 'ரீட்ரை'. அதற்கும் மேலே ஒரு ஃபைலின் பெயர். மறுபடி ஓட்டினேன்: அதே ஹாஷ் மிஸ்மேட்ச், வேறு ஃபைல். மறுபடி: இன்னொரு ஃபைல். ஏழு தடவை ஓட்டி ஏழையும் எழுதினேன். ஒரு பெயர்கூட இரண்டாம் முறை வரவில்லை.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளாக நான் நெட்டையும் சர்வரையும் திட்டிக்கொண்டிருந்தது தப்பு என்று புரிய ஆரம்பித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்டேட் வரும் விதம் இது. லாஞ்சர் முதலில் ஒரு பட்டியலை இறக்கும். எந்தெந்த ஃபைல் இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் அளவு என்ன, அதன் ஹாஷ் என்ன என்பது அதில் இருக்கும். ஹாஷ் என்பது ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி. ஷா-256 முறையில் கணக்கிட்டால் எவ்வளவு பெரிய ஃபைலுக்கும் 64 எழுத்து வரும், ஃபைலில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினாலும் அந்த 64-இல் பெரும்பாலானவை மாறிவிடும். பட்டியலோடு ஒப்பிட்டு, மாறியிருக்கும் பகுதிகளை மட்டும் லாஞ்சர் துண்டு துண்டாக இறக்கும். துண்டுகள் சுருக்கப்பட்டு வரும். அவற்றை விரித்து, பழைய ஃபைலோடு சேர்த்துப் புதிய ஃபைலைக் கட்டி, கட்டி முடித்ததும் ஹாஷைக் கணக்கிட்டுப் பட்டியலில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி இறக்கும். மூன்று முறையும் பொருந்தாவிட்டால் கைவிடும்.

இதில் சர்வரில் உள்ள ஃபைலே கெட்டிருந்தால், எல்லோருக்கும் அதே ஃபைலில்தான் நிற்கும். விளையாட்டில் என் குழுவில் இருக்கும் மற்ற நால்வருக்கும் அப்டேட் ஆகியிருந்தது. வழியில், அதாவது நெட்டில் கெட்டிருந்தால்? இணையவழி வரும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் வருகிறது. கெட்டுப்போய் வந்தால் கணினி அதை ஏற்காமல் திரும்பக் கேட்டு வாங்கும். நெட் மோசமாக இருந்தால் வேகம் குறையும், இணைப்பு அறும், டைம்அவுட் என்று லாக்கில் வரும். ஹாஷ் பொருந்தாமை அவ்வளவு சுலபமாக வராது. இதை உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும்: போனை ஹாட்ஸ்பாட் ஆக்கி அதில் கணினியை இணைத்து ஓட்டிப் பார்த்தேன். அதே எரர். ரூட்டர், கேபிள், டிஎன்எஸ் எல்லாம் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலில் இருந்து வெளியே போயின. முதல் நாளே இதைச் செய்திருந்தால் இரண்டு இரவு மிச்சம்.

மிச்சம் இருப்பது டிஸ்க்கும், வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமும். ஃபைல் என் கணினிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்து, வந்த பிறகு கெடுகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதி, எதுவும் இல்லை, கேபிள் பிழையைக் காட்டும் சிஆர்சி எண்ணிக்கையும் பூஜ்யம். விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினேன். குறை ஒன்றும் இல்லை என்றது. அங்கே கொஞ்சம் தளர்ந்துதான் போனேன்.

தம்பிதான் அடுத்த யோசனையும் சொன்னான். "உன்கிட்ட இருக்கிற ஒரு பெரிய ஃபைல எடுத்து நீயே நாலு தடவ ஹாஷ் போட்டுப் பாரு. ரேமோட அளவ விடப் பெருசா இருக்கணும். இல்லைன்னா ரேம்ல ஏற்கெனவே கிடக்கிறதையே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கும்."

என் கணினியில் 16 ஜிபி ரேம். நாங்கள் விளையாடியதை ரெக்கார்டு செய்த 21 ஜிபி வீடியோ ஒன்று இருந்தது. விண்டோஸின் பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையோடு அந்த வீடியோவின் பெயரைக் கொடுத்தேன். இரண்டு நிமிடம்போல ஆனது. 64 எழுத்தைத் தாளில் எழுதினேன். இரண்டாம் முறை ஓட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தேன், பொருந்தியது. மூன்றாம் முறை, முதல் எழுத்தே வேறு. மீதியும் ஏறக்குறைய முழுக்க வேறு. யாரும் தொடாத ஒரு ஃபைல், அதே டிஸ்க், அதே கட்டளை, நெட்டே கிடையாது, ஆனால் பதில் வேறு. என் கணினி தன் கையில் இருக்கும் ஒரே பொருளை இரண்டு விதமாகப் படிக்கிறது என்று கண் முன்னால் தெரிந்தது. எனக்கு உடம்பு ஒரு நிமிடம் சில்லிட்டுப்போனது.

பிறகு வழி நேராக இருந்தது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடங்கவைத்து, இரவு முழுக்க ஓடவிட்டேன். விண்டோஸ் இல்லாமல் தனியே ஓடுவதால் ரேமை ஏறக்குறைய முழுதாகச் சோதிக்கும். பொறுமையாகப் பல மணி நேரம் ஓடும். விண்டோஸின் சோதனை தப்பவிட்டதை இது பிடித்தது. காலையில் எழுந்து பார்த்தபோது பிழை வரிகள். எந்த முகவரி, என்ன எழுதப்பட்டது, படித்தபோது என்ன இருந்தது என்று ஒவ்வொரு வரியிலும் இருந்தது. 1111 என்று எழுதிய இடத்தில் 1011 என்று வந்திருந்தது. எல்லா வரியிலும் அதே இடத்தில் ஒரே ஒரு பிட். எந்த ஃபைலின் துண்டு அந்த இடத்தில் வந்து உட்காருகிறதோ அது கெடும். ஒவ்வொரு தடவையும் வேறு ஃபைல் அங்கே உட்காரும். ஏழு தடவைக்கு ஏழு பெயர் வந்தது அதனால்தான்.

கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு இறக்கிப் பார்த்தேன். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். செய்து பார்க்கக் காசும் வேண்டாம், திருப்புளியும் வேண்டாம். எனக்குப் பிழை குறைந்தது, போகவில்லை. அடுத்து கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, இரண்டு 8 ஜிபி ரேம் குச்சிகளையும் கழற்றி ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில், அதாவது ஒரே செருகும் இடத்தில், போட்டுச் சோதித்தேன். ஒரே ஸ்லாட் என்பது முக்கியம். இடத்தையும் குச்சியையும் சேர்த்து மாற்றினால் குற்றம் குச்சியிலா ஸ்லாட்டிலா என்று தெரியாமல் போகும். ஒன்று நான்கு சுற்று ஓடியும் சுத்தம். மற்றொன்றில் நாற்பது நிமிடத்தில் பிழை.

நல்ல குச்சியை மட்டும் வைத்து, அந்த 21 ஜிபி வீடியோவுக்கு ஐந்து முறை ஹாஷ் போட்டேன். ஐந்தும் ஒன்று. லாஞ்சரை ஓட்டினேன். 31-ஐத் தாண்டியது, 44, 62. 70 ஜிபியும் ஒரே மூச்சில் இறங்கி முடிந்தது. அதோடு விடாமல் லாஞ்சரில் உள்ள ஃபைல் சரிபார்ப்பையும், விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையையும் ஓட்டினேன். விண்டோஸ் ஃபைல்களில் சில கெட்டிருந்ததாகச் சொல்லித் திருத்தியது. ரேம் கெட்டிருந்தவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. குறையை நீக்கிய பிறகும், அது ஏற்கெனவே எழுதிவிட்டுப் போனது டிஸ்க்கில் அப்படியே கிடக்கும்.

பின்னால் யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் மாதக்கணக்கில் இருந்திருக்கின்றன. பிரவுசரில் ஒரு டேப் காரணம் இல்லாமல் சாகும். ஒரு ஜிப் ஃபைல் சிஆர்சி எரர், அதாவது சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை, என்று திறக்காது, மறுபடி இறக்கினால் திறக்கும். கேமராவில் இருந்து காப்பி செய்த படங்களில் ஒன்றிரண்டு பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. தனித்தனியாக வந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்குச் சொல்லிக் கடந்துவிட்டேன். படத்தை காப்பி செய்யும்போது அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று விண்டோஸ் திரும்பிப் படித்துப் பார்ப்பதில்லை. லாஞ்சர் பார்க்கிறது. என் கணினியில் தினமும் ஓடியவற்றில் ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் போட்டு, பொருந்தாததை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது அந்த லாஞ்சர் ஒன்றுதான். நான் திட்டிய அந்த எரர்தான் என் மற்ற ஃபைல்களைக் காப்பாற்றியது.

இதற்கு அப்புறம் குழுவில் யாருக்கு அப்டேட் நின்றாலும் என்னிடம் வருகிறார்கள். நானும் தம்பி கேட்ட அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் ரேம் பக்கம் போவதே இல்லை.

ஒருவருக்கு எப்போதும் ஒரே எக்ஸி ஃபைலில், அதாவது இயக்கக்கூடிய மென்பொருள் ஃபைலில், நின்றது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் ஆன்டிசீட் ஃபைல் அது. லாஞ்சர் அதை எழுதி வைத்த மறுகணமே ஆன்டிவைரஸ் தூக்கித் தனியறையில் அடைத்துக்கொண்டிருந்தது. ஆன்டிவைரஸின் பாதுகாப்பு வரலாற்றில் அந்தப் பெயர் வரிசையாக இருந்தது. அதிகாரப்பூர்வ லாஞ்சரில் இருந்து வந்த ஃபைல்தான் என்று உறுதி செய்துகொண்டு அதை விடுவித்து, விளையாட்டின் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தோம். ஆன்டிவைரஸையே அணைத்து வைத்துவிட்டு விளையாடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். அணைத்துப் பார்ப்பது சோதனைக்கு ஐந்து நிமிடம் சரி, அப்படியே விட்டுவிடுவது சரியில்லை. விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் பாருங்கள். டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் தனக்கு அறிமுகமில்லாத மென்பொருள் எழுதுவதை அது தடுக்கும்.

இன்னொருவருக்கு 4 ஜிபி அப்டேட், டிஸ்க்கில் 15 ஜிபி காலி, ஆனாலும் இடம் போதாது என்றது. அவருடைய விளையாட்டு எல்லாவற்றையும் பெரிய பெரிய பொதி ஃபைல்களாக வைத்திருக்கும் வகை. ஒரு 30 ஜிபி பொதிக்குள் ஒரு சின்ன மாற்றம் என்றாலும், புதிய பொதியை முழுதாகப் பக்கத்தில் கட்டி முடித்துவிட்டுத்தான் பழையதை அழிக்கும். ஆகவே அப்டேட்டின் அளவைப் பார்க்காதீர்கள், ஃபோல்டரில் உள்ள மிகப் பெரிய ஃபைலின் அளவைப் பார்த்து அவ்வளவு இடம் விடுங்கள். இதே காரணத்தால் டவுன்லோட் வேகம் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு சதவீதம் நகராமல் அரை மணி நேரம் நிற்பதும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற கட்டத்தைப் பாருங்கள். லாஞ்சருக்கு நேரே எண் ஓடிக்கொண்டிருந்தால் அது வேலை செய்கிறது, விடுங்கள். தொங்கிவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் மூடுகிறவர்கள்தான் நல்ல ஃபைலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெளி டிஸ்க்கில் விளையாட்டை வைத்திருந்த ஒருவருக்கு ஒரே பெரிய ஃபைலில் நின்றது. டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியதும் முடிந்தது.

அப்டேட் தொடங்கவே மறுத்த ஒரு பழைய கணினியும் உண்டு. சர்வரோடு இணைய முடியவில்லை என்றது. பிரவுசரும் தளத்துக்குத் தளம் சான்றிதழ் எச்சரிக்கை காட்டியது. கடிகாரத்தைப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால். பாதுகாப்பான இணைப்புக்கு வரும் சான்றிதழ் இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை என்றுதான் செல்லும். கணினி வேறு வருடத்தில் இருந்தால் எதையும் நம்பாது. மதர்போர்டில் இருந்த சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி தீர்ந்திருந்தது. அதை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் லாஞ்சர் தானாக ஓடத் தொடங்கியது.

குழுவில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்றால் நான் எதையும் தொடுவதில்லை. அது சர்வர் பக்கம். சில மணி நேரம் காத்திருந்தால் போதும்.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்பதரைக்கு 8 ஜிபி ரேமோடு உள்ளே போனேன். விளையாட்டு அங்கங்கே திணறியது. தம்பி எனக்காக வாசலிலேயே நின்றிருந்தான். இரண்டு வாரத்துப் பேச்சு முழுவதையும் அன்று பேசித் தீர்த்தோம், விளையாடியது கொஞ்சம்தான்.

மறுநாள் அவன் ஒரு ஜிப் ஃபைல் அனுப்பினான். தன்னிடம் இருந்த பழைய ஸ்கிரீன்ஷாட்கள், 212 படம். கூடவே ஒரு செய்தியில் அந்த ஜிப்பின் ஹாஷ், 64 எழுத்து. இறக்கி முடித்ததும் பவர்ஷெல்லைத் திறந்து கட்டளையைக் கொடுத்தேன். அவன் அனுப்பியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி நாலு, 7எஃப்3ஏ. பொருந்தியது. பிறகுதான் ஜிப்பைத் திறந்தேன். மலை உச்சிப் படம் அதில் இருந்தது, அவன் பக்கத்தில் இருந்து எடுத்தது.